ஷ்ஷ்... இலையைத் திறக்கப் போகிறோம்!

ஏப்ரல் கடைசி. மத்திய ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்துப் பூங்கா. ஹார்ஸ் செஸ்ட்நட் மரம் பூத்துத் தள்ளியிருக்கிறது. கிளைக்குக் கிளை நிமிர்ந்து நிற்கும் வெள்ளைப் பூங்கொத்துகளை எல்லாரும் அண்ணாந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிடிக்கட்டும். நமக்கு வேலை கீழே, அடிமரத்துப் பட்டையில். இன்னும் கிட்ட வாருங்கள். இன்னும். மூக்கு பட்டையில் இடிக்க வேண்டும். மூச்சை மட்டும் கொஞ்சம் அடக்குங்கள், பெருமூச்சு விட்டால் நம் ஆள் பறந்துபோய்விடுவார்!

தெரிகிறதா? இல்லையா? பட்டையில் தூசி ஒட்டியிருக்கிறது என்றுதானே நினைத்தீர்கள்? அந்தத் தூசிக்கு ஆறு கால் இருக்கிறது. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. இலைக் குப்பைக்குள் குளிர்காலம் முழுக்க அடைந்து கிடந்துவிட்டு, மரம் பூக்கும் நேரமாகப் பார்த்து வெளியே வந்து, ஜோடி தேடிப் பட்டையில் மாநாடு போட்டிருக்கும் அந்துப்பூச்சிகள். கமெராரியா ஓஹ்ரிடெல்லா என்று பெயர். பெயரின் நீளத்துக்கும் ஆளின் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லை. உடம்பு 5 மில்லிமீட்டர். இறக்கையை விரித்தாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது.

லென்ஸை எடுங்கள், அலங்காரத்தைப் பார்க்கலாம். அடேங்கப்பா! முன் இறக்கை, புளி போட்டுத் துலக்கிய செப்புக் குடம். அதன் குறுக்கே வெள்ளிக் கோடுகள். கோடு சும்மா முடியவில்லை, பக்கத்திலேயே மை தீட்டியதைப்போல மெல்லிய கறுப்புக் கரை. கால்கள் வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகள். தலையில் செம்பட்டை முடிக்கொத்து ஒன்று. பின் இறக்கை ஒடுங்கிய சாம்பல் நிறக் கீற்றுதான், ஆனால் அதன் ஓரத்தில் தொங்கும் குஞ்சம் இறக்கையின் அகலத்தையே மிஞ்சிவிடும். வண்ணத்துப்பூச்சிக்குக் கவிதை எழுதிய கைகள் இதையும் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கலாம். எந்தப் பட்டுப்புடவைக்கும் இப்படிக் கரை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவு சிங்காரமும் எத்தனை நாளைக்கு? சில நாட்களுக்குத்தான். பெண் பூச்சி காலையில் ஒரு வாசனையைக் காற்றில் விடும். மனித மூக்குக்கு எட்டவே எட்டாது, ஆணுக்கு அது போதும், ஓடி வந்துவிடும். (அந்த வாசனையை வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் அப்படியே செய்து பொறிக்குள் வைத்துவிட்டார்கள். பாவம், எத்தனை ஆண்கள் யாருமில்லாத டப்பாவைத் தேடி வந்து ஒட்டிக்கொண்டனவோ!) பிறகு பெண் மேலே இலைகளுக்குப் போகும். செஸ்ட்நட் இலையில் ஒரே காம்பின் நுனியிலிருந்து ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரியும். அவற்றின் மேல்புறத்தில், நரம்போரமாக, ஒவ்வொன்றாக இருபது, முப்பது, நாற்பது முட்டை.

இனிமேல்தான் உண்மையான திரை விலகல். கையில் ஒரு இலையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள்.

இலை எவ்வளவு தடிமன் இருக்கும்? நகத்தால் கீறினால் மறுபக்கம் கிழிந்துவிடும். அந்த இலைக்கு மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே பச்சைச் சதை. முட்டையிலிருந்து வரும் புழு வெளியுலகத்தைப் பார்ப்பதே இல்லை. முட்டை ஒட்டியிருந்த இடத்திலிருந்து நேராக மேல்தோலுக்கு அடியில் நுழைந்துவிடும். முதல் பருவங்களில் அது தட்டையோ தட்டை. அப்போது மெல்லுவதுகூட இல்லை, செல்லைக் கீறிச் சாறு குடிப்பதோடு சரி. இரண்டு தோலுக்கு நடுவே கிடந்தே ஒருத்தி வளர வேண்டுமென்றால் உடம்பைத் தட்டையாக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி ஏது? தோல் உரித்து உரித்து வளர்ந்த பிறகு வாயின் அமைப்பே மாறிவிடுகிறது, சதையை மெல்லத் தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் முதலில் ஒரு காற்புள்ளி அளவுக்கு வெளிறல், பிறகு வட்டம், பிறகு இரண்டு நரம்புகளுக்கு நடுவே நீண்டு பரவும் பழுப்புத் திட்டு, நாலு சென்டிமீட்டர் வரை. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் உள்ளே ஆள் நகர்வது நிழலாகத் தெரியும். பின்னாலேயே எச்சமும் தெரியும். ஆமாம், சாப்பாட்டறை, படுக்கையறை, கழிவறை மூன்றும் ஒன்றுதான்.

தின்று முடித்ததும் அதே அறைக்குள் பட்டு நூல் நூற்று, கூடு கட்டிக் கூட்டுப்புழு ஆகிறது. கோடையில் இரண்டு வாரத்தில் வெளியே வரும் நேரம் வந்துவிடும். அப்போது கூட்டுப்புழு மேல்தோலைக் கிழித்துப் பாதி உடம்பை வெளியே நீட்டும், அந்த நீட்டலிலிருந்து பூச்சி வெடித்து வரும். காலிச் சட்டை மட்டும் இலையில் குத்திட்டு நிற்கும். ஜூலையில் ஒரு இலையைத் தடவினால் கையில் நெருடுவது அந்தச் சட்டைகள்தாம்.

ஆண்டுக்கு இப்படி மூன்று தலைமுறை. வெயிலும் வறட்சியுமாக அமைந்துவிட்டால் ஐந்துகூட. கடைசித் தலைமுறை மட்டும் அவசரப்படாது. இலையோடு உதிர்ந்து, இலையோடு மக்காமல் கிடந்து, பனியில் உறைந்து, மைனஸ் 23 டிகிரியைக்கூடத் தாங்கி, அடுத்த ஏப்ரலில் பட்டையில் மாநாட்டுக்கு வந்துவிடும். ஒரே இலையில் 700 திட்டுகள் வரை எண்ணியிருக்கிறார்கள். எழுநூறு குடித்தனம்! அப்புறம் மரம் ஆகஸ்டிலேயே முழுப் பழுப்பாக நிற்கும், இலையுதிர்காலம் வருவதற்குள் இலையை உதிர்த்துவிடும். சில மரங்கள் குழம்பிப்போய் அக்டோபரில் இன்னொரு முறை பூக்கவும் செய்கின்றன. வேடிக்கை என்னவென்றால் இத்தனைக்கும் மரம் சாவதில்லை. காய் சிறுத்துப்போகும், பார்க்கப் பரிதாபமாக இருக்கும், மறு வசந்தத்தில் எதுவும் நடக்காததுபோல் மறுபடி பச்சையாகத் துளிர்க்கும். வாடகை வாங்காத வீட்டுக்காரர் என்பதற்காக வீட்டையே இடிப்பார்களா என்ன?

சரி, ஒரு கிசுகிசு. இந்தப் பூச்சிக்கு ஊர் எது?

1984இல் மாசிடோனியாவில் ஓஹ்ரித் ஏரிக்குப் பக்கத்தில்தான் முதலில் கண்ணில் பட்டது. இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை நிறத்தை வைத்து மட்டும் அடையாளம் சொல்லிவிட முடியாது. அதனால் ஆய்வு மேசையில் ஒரு அந்தரங்க வேலை நடக்கும். வயிற்றுப் பகுதியைக் கழற்றி பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறப்போட்டு, கரைவது கரைந்த பிறகு மிஞ்சும் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் அது ஒவ்வொரு வடிவம். முழு உடம்பே 5 மில்லிமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த வயிற்றைக் கழற்றுகிற கைகளுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். இப்படியெல்லாம் பார்த்து ஆஸ்திரியாவின் கெர்ஃப்ரீத் தெஷ்காவும் யூகோஸ்லாவியாவின் நிகோலா திமிச்சும் 1986இல் இது அறிவியலுக்கே புது இனம் என்று அறிவித்தார்கள். ஏரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

இங்கேதான் பூச்சியியலாளர்களுக்குத் தலை சுற்றியது. கமெராரியா பேரினத்து உறவுக்காரர்கள் ஏராளமாக இருப்பது வட அமெரிக்காவில். ஐரோப்பாவில் அதுவரை ஒரு உறுப்பினர்கூட இல்லை. இரண்டு நூற்றாண்டுகளாக மூலைமுடுக்கெல்லாம் வலை வீசிப் பூச்சி பிடித்த கண்டம் அது. மரத்தையே பழுப்பாக்குகிற ஒன்றை ஒருவர்கூட எப்படிப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்? அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் என்றார் ஒருவர். ஆசியா என்றார் இன்னொருவர். வேறு மரத்தைத் தின்றுகொண்டிருந்தது, சமீபத்தில்தான் செஸ்ட்நட்டுக்குத் தாவிவிட்டது என்றார் மூன்றாமவர். இருபது வருஷத்துக்கும் மேல் இந்தப் பஞ்சாயத்து ஓடியது.

அது ஓடும்போதே பூச்சியும் ஓடியது. 1989இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குப் பக்கத்தில் திடீரென்று முளைத்தது. அங்கிருந்து ஆண்டுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும். 2002 கோடையில் லண்டன், அதுவும் விம்பிள்டன்! டென்னிஸ் பார்க்க வந்திருக்காது, ஆனால் வந்த வழி ரசிகர்கள் வந்த வழியேதான். இந்த இறக்கையை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் கால்வாயைத் தாண்ட முடியுமா? மரத்தடியில் நிறுத்திய காரில் ஏறிக்கொள்ளும். லாரியில் ஒட்டிய காய்ந்த இலையில் கூட்டுப்புழுவாகப் பயணம் செய்யும். வரைபடத்தில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. தண்ணீர் சிந்தினால் பரவுவதைப்போல ஒரே சீராக அது பரவவில்லை. ஜனநெருக்கம் மிகுந்த நகரத்துக்கு முதலில் தாவும், நடுவிலுள்ள கிராமங்களை அப்புறம் நிதானமாக நிரப்பும். மாப்பிள்ளை அழைப்புக்கு வழியெல்லாம் பந்தல் போட்டதுபோல, முன்னூறு வருஷமாக ஐரோப்பியர்கள் தெருவெல்லாம் இந்த ஒரே மரத்தை வரிசை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்தத் தெரு என்று கேட்கிறீர்களா? பவேரியாவில் பீர் தயாரிப்பவர்கள் நிலவறையைக் குளிர்ச்சியாக வைக்க அதன் மேலே செஸ்ட்நட் நட்டார்கள், அதன் நிழலில்தான் இன்றைய பீர் தோட்டங்கள் உருவாயின. ஆகஸ்டிலேயே பழுப்பு இலை குவளைக்குள் விழுந்தால் பவேரியாக்காரர் சும்மா இருப்பாரா! கீவ் நகரத்துக்குச் செஸ்ட்நட்தான் சின்னம். இங்கிலாந்தில் அதன் கொட்டையை நூலில் கோத்து, எதிராளியின் கொட்டையை அடித்து உடைக்கும் கான்கர் விளையாட்டுக்கு நார்த்தாம்டன்ஷயரில் 1965 முதல் உலகப் போட்டியே நடக்கிறது. கொட்டை சிறுத்தால் கோபம் வராதா? ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த மாடியிலிருந்து பார்த்த, டைரியில் எழுதிய மரமும் ஹார்ஸ் செஸ்ட்நட்தான். அதிலும் இந்தப் பூச்சி குடியேறியது. 2010 ஆகஸ்டில் அந்த மரம் காற்றில் சாய்ந்தபோது சிலர் பூச்சியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். உண்மையில் உள்ளே அரித்தது பூஞ்சை. நம் ஆள் மேல் போட்ட பழி கொஞ்சம் அதிகம்தான்.

இப்போது விறுவிறுப்பான இடத்துக்கு வந்துவிட்டோம். பூங்காவை விடுங்கள். ஒரு ஹெர்பேரியத்துக்குள் போகலாம்.

ஹெர்பேரியம் என்றால் செடிகளின் ஆவணக்காப்பகம். கிளையை இலையோடு வெட்டி, உறிஞ்சுதாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, காயவைத்து, தாளில் ஒட்டி, எங்கே எப்போது யார் பறித்தது என்று சீட்டு எழுதி, அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். இருட்டு, ஈரமின்மை, நிசப்தம். வருஷக்கணக்கில் யாரும் தொடாத அடுக்குகள்கூட உண்டு. கோவையில் மதராஸ் ஹெர்பேரியம், திருச்சியில் ரபினா ஹெர்பேரியம் என்று நம்மிடமும் இருக்கின்றன. தாவரவியலாளர் அங்கே செடியைப் பார்க்கப் போவார். டேவிட் லீஸ் என்ற பூச்சியியலாளருக்கும் கூட்டாளிகளுக்கும் தோன்றியது வேறு: இலைக்குள்ளேயே வாழ்ந்து இலைக்குள்ளேயே கூடு கட்டுகிற பூச்சி என்றால், இலையை அழுத்திக் காயவைத்தவர் பூச்சியையும் சேர்த்துத்தானே காயவைத்திருப்பார்?

எவ்வளவு எளிமையான கேள்வி! எனக்குப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடத் தோன்றியது.

ஐரோப்பிய ஹெர்பேரியங்களின் செஸ்ட்நட் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. செடி சேகரிப்பவர் கண்ணுக்கு லட்சணமான, ஓட்டையில்லாத இலையைத்தான் பறிப்பார். பூச்சி தின்ற இலையை யார் தாளில் ஒட்டுவார்கள்? ஆனாலும் சில தாள்களில் கிடைத்தது. பழைய இலை, அதில் பழுப்புத் திட்டு, திட்டுக்குள் தட்டையாக நசுங்கிய புழு! அந்தத் துணுக்கிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தார்கள். கமெராரியா ஓஹ்ரிடெல்லாவேதான், சந்தேகமே இல்லை. மிகப் பழைய தாளின் சீட்டில் இருந்த ஆண்டு 1879.

பறித்தவர் பெயரைக் கேளுங்கள், இன்னும் சுவாரஸ்யம். தியோடோர் ஃபான் ஹெல்ட்ரைக். டிரெஸ்டனில் பிறந்து, ஏதென்ஸில் வாழ்நாளைக் கழித்த தாவரவியலாளர். அவர் மத்திய கிரேக்க மலைகளில் செஸ்ட்நட்டைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. 1576இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வியன்னாவில் தாவரவியலாளர் குளூசியஸ் கைக்கு வந்து சேர்ந்த மரம் அது. அதற்கப்புறம் ஐரோப்பாவெங்கும் நட்டார்களே தவிர, அது காட்டில் தானாக வளர்வது எங்கே என்று யாருக்கும் திடமாகத் தெரியவில்லை. ஆசியா என்றார்கள், வட இந்திய மலைகள் என்றுகூடச் சொன்னார்கள். இல்லை, இங்கே பால்கன் மலைப் பள்ளத்தாக்குகளில்தான் என்று 1879இல் எழுதி நிலைநாட்டியவர் ஹெல்ட்ரைக். மரத்தின் சொந்த ஊருக்குச் சாட்சி தேடிப்போன மனிதர், அந்தச் சாட்சி இலைக்குள்ளேயே பூச்சியின் சொந்த ஊருக்கான சாட்சியையும் வைத்து அழுத்தி, ஒட்டி, பூட்டிவிட்டார். அவருக்கே தெரியாமல்! 1986இல் 'புது இனம்' என்று பெயர் வைத்தபோது அது நூறு வருஷத்துக்கும் மேலாக அலமாரியில் படுத்திருந்தது.

2011இல் இந்த ஆய்வு வெளியானபோது அமெரிக்கா, ஆசியா கட்சிக்காரர்களின் சுருதி இறங்கிவிட்டது. பூச்சி பால்கன்காரர்தான். அங்கே எட்டாத பள்ளத்தாக்குகளில் மரமும் பூச்சியுமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். ஊருக்குள் பரவியிருப்பது ஒருசில மரபுவகைகள் மட்டும்தான், மலையில் வகைகள் அதிகம். ஹெர்பேரியத் தாள்களிலோ இதுவரை யாருமே பார்த்திராத வகைகளும் கிடைத்தன. 1961வாக்கிலேயே அந்தப் பக்கம் உள்ளூர் அளவில் பூச்சி பெருகியதற்கான தடயமும் தாள்களில் இருந்தது. ஏன் அப்போது? மலைக்குச் சாலை போட்டதற்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சாலை வந்தால் லாரி வரும். லாரி வந்தால்... மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

சரி, இதைத் தின்ன யாருமில்லையா? இருக்கிறார்கள். நீலச் சிட்டுகள் திட்டைக் கொத்திப் புழுவை உருவுகின்றன. புழுவின் மேல் முட்டையிடும் மிகச் சிறிய குளவிகளும் உண்டு. எத்தனை குளவி வருகிறது என்று எண்ண 2010இல் பிரிட்டனில் மைக்கேல் போக்காக், டேரன் எவன்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பள்ளிப் பிள்ளைகளைக் களத்தில் இறக்கிவிட்டார்கள். செலவு ஒரு பிளாஸ்டிக் பைதான். திட்டு விழுந்த இலையைப் பைக்குள் போட்டு, வாயை இறுக்க மூடி, இரண்டு வாரம் பொறுத்திருந்து, உள்ளே எத்தனை அந்து, எத்தனை குளவி என்று எண்ண வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் எண்ணினார்கள். பூச்சி வந்த மூன்றே வருஷத்தில் சேதம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, குளவிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினாலும் அதைக் கட்டுப்படுத்த அது போதவில்லை என்று முடிவு வந்தது. அந்த நாட்டுக் குளவிகள் வேறு புழுக்களுக்கு ஏற்ற நேரத்தில் எழுகின்றன. அவை வசந்தத்தில் கண் விழிக்கும்போது இங்கே சமையலே ஆரம்பித்திருக்காது. ஆகவே இன்றைக்கும் மிகச் சிறந்த மருந்து துடைப்பம்தான். விழுந்த இலையைக் கூட்டி அள்ளி, நன்றாகச் சூடேறும் உரக்குழியில் போட்டுவிட்டால் அடுத்த ஏப்ரல் மாநாட்டுக்குக் கூட்டம் குறையும்.

நம் பக்கத்துக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. இமயமலையில் வளரும் இந்திய ஹார்ஸ் செஸ்ட்நட்டில் இந்தப் பூச்சியின் பருப்பு வேகாது. முட்டையிட்டாலும் உள்ளே போன புழு பெரும்பாலும் தேறுவதில்லை. அதனால் ஐரோப்பியப் பூங்காக்காரர்கள் சிலர் நம் மரத்தைக் கேட்டு வாங்கி நடுகிறார்கள்.

எலுமிச்சை வீட்டில் இருந்தால் இப்போதே போய்த் தளிர் இலையைப் பாருங்கள். வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடியிருக்கிறதா? இலை சுருண்டிருக்கிறதா? அது எலுமிச்சை இலைத் துளைப்பான், இதே குடும்பத்துப் பங்காளி. ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் 1856இல் கல்கத்தாவிலிருந்து கிடைத்த பூச்சியை வைத்து அதற்குப் பெயர் சூட்டினார். பால்கன்காரர் லண்டனுக்குப் போனதைப் பெரிதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், நம்மாள் 1993இலேயே ஃபுளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகளில் இறங்கிவிட்டார்!